எழுதாமல் விட்டது ‘இல்லை’ ஆகிவிடுகிறது

இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் எக்மோ இயந்திரச் சிகிச்சையின் பதிவேடுகளைப் பராமரிப்பவர்களுக்கும், மருத்துவமனைத் தரவுத்தளங்களைத் தோண்டி ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆவணப் பிரிவில் குறியீடு போடுகிறவன். நோயாளி வீட்டுக்குப் போன பிறகோ, போக முடியாமலே போன பிறகோ, அவருடைய கேஸ் ஷீட் என் மேசைக்கு வரும். மருத்துவர் எழுதியிருப்பதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் உள்ள எண்ணைப் பதிவது என் வேலை. ரத்தத்தில் கொழுப்புக் கோளாறு என்றால் இ78. கொழுப்பு அதிகம் என்று மட்டும் எழுதி, எந்த வகை என்று சொல்லாமல் விட்டிருந்தால் இ78.5. உங்கள் கணினியில் ‘கொலஸ்ட்ரால்: உண்டு / இல்லை’ என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது பிறக்கிற இடம் இந்த மேசைதான்.

எக்மோவில் இணைக்கப்படும் நோயாளிக்கு ஏற்கனவே கொலஸ்ட்ரால் அதிகம் என்றால், அவர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா குறையுமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விடையை என் குறியீட்டிலிருந்து எடுத்து, அது ‘கொலஸ்ட்ரால் உள்ளவர்களே அதிகம் பிழைக்கிறார்கள்’ என்று வந்தால், அச்சுக்கு அனுப்பும் முன் கொஞ்சம் நில்லுங்கள். அந்த விடையில் கொழுப்பின் பங்கு எவ்வளவு, என் மேசையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கோப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவர் நடுவயதுக்காரர். இரவில், மார்பை அழுத்திக்கொண்டே தூக்கி வந்தார்கள். இதயம் திரும்பத் துடிக்கவில்லை. அழுத்துவதை நிறுத்தாமலே தொடையின் ரத்தக்குழாய்களில் கானுலா என்ற குழாயைச் செருகி எக்மோவில் இணைத்தார்கள். ஐந்து மணி நேரத்தில் இறந்துவிட்டார். கோப்பு மிக மெல்லியது. ‘முன்நோய் வரலாறு: பெற இயலவில்லை’ என்று ஒரு வரி. மாரடைப்பு, இதய நிறுத்தம், அதிர்ச்சி நிலை (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை), சிறுநீரகச் செயலிழப்பு என்று குறியீடுகளைப் போட்டு மூடினேன். இ78 போடவில்லை. போட அதில் எதுவும் இல்லை.

இரண்டாமவருக்கும் மாரடைப்புதான், அதே எக்மோதான். ஒன்பது நாள் கழித்து இயந்திரத்திலிருந்து எடுத்தார்கள். அப்புறம் ஒரு மாதம் வார்டில் இருந்தார். கோப்பைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். பயிற்சி மருத்துவர் ஒருவர் அவர் மனைவியிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டு எழுதியிருந்தார். உணவியலாளர் எழுதியிருந்தார், பிசியோதெரபிஸ்ட் எழுதியிருந்தார், இதய மருத்துவர் மூன்று முறை எழுதியிருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பத்தாண்டுகளாகக் கொலஸ்ட்ரால், மாத்திரை எடுத்து வருகிறார்’ என்று தெளிவாக இருந்தது. இ78.5 போட்டேன்.

முதலாமவரின் மகள் சில வாரம் கழித்துக் காப்பீட்டுக்காக நகல் வாங்க வந்தார். கையில் அப்பாவின் பழைய மருந்துச்சீட்டுகள். மேலே இருந்த சீட்டிலேயே அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். அவரும் வருடக்கணக்காகக் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிட்டவர்.

உங்கள் தரவில் அவர் கொலஸ்ட்ரால் இல்லாமல் இறந்தவர். மற்றவர் கொலஸ்ட்ரால் இருந்து பிழைத்தவர்.

சீட்டைப் பார்த்த பிறகாவது திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. சிகிச்சை தந்த மருத்துவர் எழுதாத நோயை நான் குறியீடாக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி. ஆய்வகத் தாளில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 210 என்று அச்சாகியிருந்தாலும், ‘இவருக்கு ஹைப்பர்லிபிடீமியா’ (ரத்தத்தில் கொழுப்பு அதிகம்) என்று மருத்துவர் எழுதாவிட்டால் அது எனக்கு வெறும் எண். மருந்துப் பட்டியலில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இருந்தாலும் அதே கதைதான். சந்தேகம் கேட்டு மருத்துவருக்குக் குறிப்பு அனுப்பலாம். வார்டில் உயிரோடு இருக்கும் நோயாளியைப் பற்றிக் கேட்டால் பதில் வரும். முந்தாநாள் இரவு ஐந்து மணி நேரத்தில் இறந்தவரின் கொலஸ்ட்ராலைப் பற்றிக் கேட்டால், யாருக்கு நேரம் இருக்கிறது? அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். அந்த ஐந்து மணி நேரத்தில் அவர்கள் செய்ய வேண்டியிருந்தது வேறு வேலை.

இது நான் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1992-இல் லிசா ஐயெஸ்ஸோனியும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இதையே எழுதினார்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் தரவில் நீரிழிவு, பழைய மாரடைப்பு போன்ற நாள்பட்ட நோய்கள் பதிவாகியிருந்தவர்களுக்கு மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு குறைவாகத் தெரிந்தது. நீரிழிவு உயிரைக் காக்கிறதா என்ன? மோசமான நிலையில் இருப்பவரின் தாளில் உடனடி ஆபத்துகளே இடத்தை நிரப்பிவிடும். பழைய நோய்களுக்கு வரி மிஞ்சாது. சற்றே நலமாக இருப்பவரின் தாளில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கொலஸ்ட்ரால் விஷயத்தில் அதே பள்ளம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

எக்மோவில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். உடலிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, பம்ப் வழியே செயற்கை நுரையீரலுக்குள் செலுத்தி, ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கித் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால் சிரையிலிருந்து எடுத்துச் சிரைக்கே கொடுப்பார்கள். இதயமும் நின்றுவிட்டால் சிரையிலிருந்து எடுத்துத் தமனியில் கொடுப்பார்கள். கடைசிப் படியில் நிற்பவர்களுக்கான சிகிச்சை என்பதால் சாவும் அதிகம், அதில் கணிசமானது முதல் ஓரிரு நாளிலேயே நடக்கும். வரலாறு கேட்க நேரம் கிடைக்காத சாவுகள் அவை.

உங்கள் பசியும் எனக்குப் புரிகிறது. எக்மோவில், நோயாளிகளைக் குலுக்கல் போலச் சீரற்ற முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்யும் சோதனைகள் அரிது. 1979-இல் வெளியான முதல் பெரிய சோதனையில் 90 பேர். எக்மோ பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2018-இல் வந்த எயோலியா சோதனையில் 249 பேர். அறுபது நாளில் எக்மோ பெற்றவர்களில் 35% பேரும், மற்றவர்களில் 46% பேரும் இறந்தார்கள், ஆனாலும் புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. 2023-இல் மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களிடம் செய்த ஈசிஎல்எஸ்-ஷாக் சோதனையில் முப்பது நாள் இறப்பு எக்மோ பெற்றவர்களில் 47.8 சதவீதம், மற்றவர்களில் 49 சதவீதம். ஏறக்குறைய ஒன்றேதான். யாரை இணைத்தால் பயன், யாரை இணைப்பது வீண் என்ற கேள்விக்குப் பதில் வேண்டி நீங்கள் பதிவேடுகளிடம் போவது இயற்கைதான். 2015-இல் அப்படித்தான், இதயத்துக்காக எக்மோவில் இணைத்தவர் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் சேவ் மதிப்பெண் வந்தது. சர்வதேசப் பதிவேட்டில் இருந்த 3,846 பேரின் தரவு, அதில் 42% பேர் உயிரோடு வீடு திரும்பியவர்கள். வயது, எடை, நோயின் காரணம், சிறுநீரகம், கல்லீரல், ரத்த அழுத்தம், பைகார்பனேட் என்று அதில் நிறைய இருக்கிறது. கொலஸ்ட்ரால் இல்லை. நுரையீரல் நோயாளிகளுக்கான ரெஸ்ப் மதிப்பெண்ணிலும் இல்லை.

அதைச் சேர்க்க வேண்டும் என்று யாராவது நினைத்தால், முதலில் கொலஸ்ட்ரால் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, நோயாளியின் பழைய வாழ்க்கை. இத்தனை வருடம் எல்டிஎல் அதிகமாக இருந்தது, மாத்திரை எடுத்தார் அல்லது எடுக்கவில்லை. குறியீடு சொல்ல முயல்வது இதைத்தான். ஆனால் அதிகம் என்று கண்டுபிடிக்கப்பட்டவரே ஒரு தனி வகை. அவருக்கு ஒரு மருத்துவர் இருக்கிறார், ரத்தப் பரிசோதனை செய்கிறார், அநேகமாக ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கும். வீட்டில் யாரோ ஒருவர் அவருடைய மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவரோடு, ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாத இன்னொருவரை ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கொழுப்பின் தலையில் கட்டுவது சரியா?

இன்னொன்று, படுக்கையில் எடுத்த ரத்தத்தின் அளவு. கடும் நோய் வந்தால் கொலஸ்ட்ரால் இறங்கிவிடும். பெரிய தொற்றிலும் மாரடைப்புக்குப் பிறகும் எல்டிஎல், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் இரண்டும் விழுவது பழைய செய்தி. கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் கல்லீரலே ரத்தம் கிடைக்காமல் திணறும்போது அளவு எப்படி நிற்கும்? எக்மோ குழாய்களை ஆரம்பத்தில் உப்புநீர் போன்ற திரவத்தால் நிரப்பித்தான் இணைப்பார்கள். அது ரத்தத்தோடு கலந்து மேலும் நீர்க்கச் செய்யும். ஆகவே மூன்றாம் நாள் எடுத்த எல்டிஎல் 40 என்றால், அது அவருடைய நல்ல உணவுப் பழக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. இதய பலவீனத்திலும் டயாலிசிஸிலும் குறைந்த கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் அதிகம் இறப்பதைப் பார்த்து ‘கொழுப்பு முரண்’ என்று பெயர் வைத்தார்கள். நோய் முற்றி உடல் உருகியவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கிறது என்று சொன்னால் அதில் பாதி முரண் கரைந்துவிடும்.

முழுவதும் கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியா நச்சுகளை ரத்தத்தின் கொழுப்புப் புரதங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கார்டிசால் சுரக்க அட்ரீனல் சுரப்பிக்கு மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். உயிரியலில் ஏதோ உண்மை இருக்கலாம். ஆனால் அதை என் இ78.5-ஐ வைத்து நிரூபிக்க முடியாது.

மூன்றாவதை நீங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். மருத்துவமனைக்குள்ளேயே பிறக்கும் கொழுப்பு.

எக்மோ நோயாளியைத் தூங்க வைக்க ப்ரோப்போஃபால் கொடுப்பார்கள். பால் போல வெள்ளையாக இருக்கும். காரணம், மருந்தைக் கரைத்திருப்பது பத்து சதவீதக் கொழுப்புக் கலவையில். ஒரு மில்லிலிட்டரில் 1.1 கலோரி, உணவியலாளர்கள் அதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். இதோடு சிரைவழி உணவாகவும் கொழுப்புத் திரவம் ஏறினால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறும். ரத்தத்தைச் சுழற்றி வைத்தால் மேலே நிற்கும் பிளாஸ்மா பால் கலந்த நீர்போல் இருக்கும். எக்மோவில் இது சின்ன விஷயம் இல்லை. ரத்த அணுக்கள் உடைகின்றனவா என்று பார்க்கும் ஹீமோகுளோபின் சோதனையையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவைச் சொல்லும் ஆன்டி-டென்-ஏ (anti-Xa) சோதனையையும் அந்தக் கலங்கல் குழப்பும். ஒளியைப் பாய்ச்சிப் படிக்கும் சோதனைகள் அவை. கொழுப்புத் திரவத்தை எக்மோ குழாயிலேயே செலுத்தினால் ஆக்சிஜனேட்டர் எனப்படும் செயற்கை நுரையீரலில் படிவும் ரத்தக்கட்டியும் சேரலாம் என்று எச்சரிக்கை உண்டு. பழைய பாலிப்ரோப்பிலீன் நுண்துளைச் செயற்கை நுரையீரல்களில் கொழுப்பு மூலக்கூறுகள் துளைகளில் ஒட்டி, பிளாஸ்மா கசிய வழிசெய்தன. பாலிமெத்தில்பென்டீன் இழைகள் வந்த பிறகுதான் அந்தத் தலைவலி ஓய்ந்தது.

சரி, இந்த ட்ரைகிளிசரைடை அளப்பது எப்போது? ப்ரோப்போஃபால் இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு. யாருக்கு அளப்பார்கள்? இரண்டு மூன்று நாள் உயிரோடு இருந்தவருக்கு. அதிகம் என்று வந்தால் மருத்துவர் எழுதுவார், நான் இ78-இன் ஒரு பிரிவைப் போடுவேன். ஐந்து மணி நேரத்தில் போனவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. பிழைத்திருந்ததால் வந்த குறியீடு, உங்கள் அட்டவணையில் பிழைக்க வைத்த குறியீடாக உட்கார்ந்துகொள்ளும். புள்ளியியலில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்டாட்டின் பற்றியும் ஒரு வார்த்தை. கொலஸ்ட்ரால் உள்ளவர் பிழைத்தால், அவர் சாப்பிட்ட ஸ்டாட்டின்தான் வீக்கத்தைத் தணித்துக் காத்தது என்று கட்டுரையின் விவாதப் பகுதியில் ஒரு வாக்கியம் எழுதத் தோன்றும். அந்த நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் கடும் நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களிடம் செய்த இரண்டு சோதனைகள் வந்தன. 745 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின், 540 பேரிடம் சிம்வாஸ்டாட்டின். இரண்டிலும் பலன் இல்லை. 2016-இல் இதய அறுவைக்கு முன் 1,922 பேரிடம் ரோசுவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்ததில் இதயத்துக்கு நன்மை எதுவும் இல்லை, சிறுநீரகப் பாதிப்புதான் சற்று கூடியது. படுக்கையில் விழுந்த பிறகு ஆரம்பிக்கும் ஸ்டாட்டின் வேறு, பத்து வருடமாகச் சாப்பிடும் ஸ்டாட்டின் வேறு என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் யார் எத்தனை வருடம் சாப்பிட்டார் என்ற தகவல் வேண்டும். அது என் குறியீட்டில் இல்லை.

இவ்வளவு கவலைப்பட ஒரு காரணம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு செய்தியாகும்போது ‘தொடர்பு காணப்படுகிறது’ என்பது ‘காக்கிறது’ ஆகிவிடும். அடுத்த நாள் யாரோ ஒருவர் மாத்திரையை நிறுத்துவார். 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனையில் இதய நோய் இருந்த 4,444 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் 182 பேர். சீரற்ற முறையில் பிரித்துக் கிடைத்த விடை அது. என் மேசையிலிருந்து வரும் உண்டு-இல்லைப் பத்தி அதன் அருகில்கூட நிற்க முடியாது.

அதனால் கேட்கிறேன். பதிவேட்டுக்காரர்களே, எக்மோ படிவத்தில் ‘கொலஸ்ட்ரால்’ என்ற கட்டத்துக்கு மூன்றாவது விடை ஒன்று கொடுங்கள்: தெரியவில்லை. இப்போது காலியாக விட்டதெல்லாம் ‘இல்லை’ என்ற குவியலில் போய் விழுகிறது. ஸ்டாட்டின் எடுத்தாரா, கடைசி மாத்திரை எப்போது என்று தனியாகக் கேளுங்கள். குடும்பத்தார் மறுநாள் கொண்டுவரும் மருந்துப் பையைப் பார்த்து நிரப்பவும், நோயாளி இறந்த பிறகும் சேர்க்கவும் அனுமதி வேண்டும். கானுலா போடும்போது எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். குழாயின் திரவம் கலக்கும் முன் எடுத்த அந்த ரத்தத்தில் ஒரு சிறு குப்பியைக் கொழுப்புப் பரிசோதனைக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். அதுவும் நோய் தொடங்கிய பிறகு எடுத்ததுதான், முழுமையானது இல்லை. மூன்றாம் நாள் எண்ணைவிட மேல்.

கட்டுரை எழுதுபவர்களே, வரும்போதே இருந்த நோயா, வந்த பிறகு சேர்ந்ததா என்ற குறி பல தரவுத்தளங்களில் உண்டு. நாங்கள் மெனக்கெட்டு நிரப்புகிறோம், தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள். முதல் 48 மணி நேரத்தில் இறந்தவர்களை விலக்கி ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கணக்குப் போட்டு இரண்டையும் அச்சிடுங்கள். இரண்டு விடைக்கும் இடையே உள்ள தூரத்தில் என் மேசை எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதயத்துக்காக இணைத்தவர்களையும் நுரையீரலுக்காக இணைத்தவர்களையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டாதீர்கள். அடைத்த குழாயில் ஸ்டென்ட் வைத்தால் திறக்கக்கூடிய மாரடைப்புக்காரருக்குக் கொலஸ்ட்ரால் குறியீடு இருக்கும். வைரஸால் இதயத் தசை வீங்கிய இளைஞருக்கு இருக்காது. இருவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கொழுப்பைப் பற்றிக் கேட்டால், நோயின் காரணம்தான் பதில் சொல்லும்.

இன்னொரு எளிய சோதனையும் இருக்கிறது. அதே தரவில் ஒற்றைத் தலைவலி, மூட்டு வலி போன்ற, எக்மோ விளைவோடு சம்பந்தமே இல்லாத பழைய நோய்களை வைத்துப் பாருங்கள். அவையும் உயிரைக் காப்பதாகத் தெரிந்தால், கொலஸ்ட்ராலைப் பற்றிய கட்டுரையை அனுப்ப வேண்டாம். கோப்பின் தடிமனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்கள், முதல் ஆளாக நான் படிக்கிறேன்.

அந்த மகள் கொண்டுவந்த சீட்டின் நகலை அப்பாவின் கோப்பின் பின்பக்கத்தில் இணைத்து வைத்திருக்கிறேன். விதிப்படி அதனால் எந்தக் குறியீடும் மாறாது. படிவத்தில் அந்த மூன்றாவது விடை வந்தால், முதலில் திருத்த அனுமதி கேட்கும் கோப்பு அதுதான்.

இப்படிக்கு,
மருத்துவ ஆவணப் பிரிவிலிருந்து ஒரு குறியீட்டாளர்